எலும்பு கூடிய வேகம்

எலும்பு கூடியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி ஆர்த்தோ ஓ.பி. வராந்தாவில் உட்கார்ந்து இதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதே பெஞ்சில், என் முழங்கையை ஒட்டி, எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு, கூடியிருக்க வேண்டும் என்று துளசிமணி வேண்டிக்கொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது. ஆனைமலை மாசாணியம்மனிடம்தான் பேசுகிறாள், வேறு யாரிடமும் அவளுக்கு இவ்வளவு நீளப் பேச்சு கிடையாது. ஒரே பெஞ்சிலிருந்து ஒரே தெய்வத்துக்குப் புருஷன் ஒரு மனு, பெண்டாட்டி ஒரு மனு. ஜெயிக்கப் போவது அவள்தான். அவள் மாசாணியம்மன் கோயிலுக்கு நேரில் போய், என்னை இடித்த டெம்போக்காரன் விளங்காமல் போகட்டும் என்று ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தவள், அவளுக்கு அங்கே கணக்கு இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது. டெம்போக்காரனைக் குறை சொல்லக்கூட எனக்கு அவன் முகம் ஞாபகம் இல்லை. விடிகாலை முதல் டியூட்டிக்குப் பைக்கில் பஸ் டிப்போவுக்குப் போனேனாம், தேங்காய் நார் ஏற்றிய டெம்போ லைட் இல்லாமல் ரிவர்ஸ் எடுத்ததாம், கீழே விழுந்த என் தொடை மேல் அது ஏறியதாம், தலை பாலத்துக் கட்டையில் மோதியதாம். எல்லாம் ஆம், ஆம்தான். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தது, அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. தொடைக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். தொடை எலும்பு லேசில் கூடாது, வருஷம்கூட ஆகலாம் என்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லி வருத்தப்பட்டார்கள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. கால் கூடுகிறவரை என் தலையைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

தலைக்கு என்ன என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. வலி இல்லை. தலைசுற்றல் இல்லை. நியூட்ரலுக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், கண் திறந்திருக்கும், கால் நின்ற இடத்தில் நிற்கும், ஆனால் கியர் எதிலும் விழுந்திருக்காது. வாசலில் குடத்துக்குக் குழாய் திறந்துவிட்டு நின்றிருப்பேன், அடுத்த நொடி பார்த்தால் தண்ணீர் தெருவரைக்கும் ஓடியிருக்கும். அடுத்த நொடி என்று நான்தான் சொல்கிறேன், தண்ணீருக்கு அது நொடி இல்லை. முதல் தடவை பயப்படவில்லை, தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை, முகம் வழித்துக்கொண்டிருந்தபோது, கன்னத்தில் நுரை காய்ந்து பொருக்காகியிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குப் பயந்தேன். கண்ணாடியில் இருந்த ஆளைப் பார்த்து, அடேய் திருமூர்த்தி, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. என் சர்வீஸில் மலை இறக்கத்தில் ஒரு நாளும் நியூட்ரல் போட்டது கிடையாது. டீசல் மிச்சம் பிடித்து டிப்போவில் கைதட்டல் வாங்குவதற்காகச் சில பேர் போடுவார்கள். வால்பாறை ரோட்டில் வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்குகிறவனை நான் டிரைவர் என்றே மதிக்க மாட்டேன், முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன். எஞ்சின் பிடித்து நிறுத்தாத வண்டியை வெறும் பிரேக் எவ்வளவு தூரம் தாங்கும். இப்போது என் மண்டை தானாகவே போட்டுக்கொள்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

துளசி கவரிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். இது இன்றைக்கு நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. ஒடிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ திரண்டிருக்கிறது என்று அவள் சொல்கிறாள். நான் பார்க்க மாட்டேன். எனக்குப் பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பிரண்டை வேலை செய்கிறது என்கிறாள். பிரண்டை. வேலியோரத்தில் கிடந்த கொடியை எல்லாம் இந்த மூன்று மாதத்தில் இவள் மொட்டையடித்துவிட்டாள். நார் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்து அரைத்துத் துவையல். அவசரத்தில் சரியாக வதக்காத நாளில் நாக்கு அரித்துக் கொல்லும். அது போதாதென்று ஆட்டுக்கால் சூப். கறிக்கடைக்காரர் இவளைக் கண்டதும் கால்களை எடுத்துத் தனியே வைத்துவிடுகிறாராம். எலும்பு தின்றால் எலும்பு வளரும் என்பது இவள் நம்பிக்கை மட்டுமில்லை, பார்க்க வந்த டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் அத்தனை பேருடைய நம்பிக்கையும் அதுதான். நான் என்ன செய்தேன், அவள் உள்ளே போன சமயம் பார்த்து, வாக்கரை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போய், சூப்பை வாழைக்கு ஊற்றினேன், துவையலை மண்ணில் புதைத்தேன். ஒரு மனுஷன் தன் எலும்பைத் தானே பட்டினி போட்டுப் பார்க்கிறான், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வாழை குலை தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஆளுயரம் மட்டுமே இருந்த கன்றா என்று துளசியே ஆச்சரியப்பட்டாள். அது போகட்டும், ஆனால் என் கால் ஏன் திடப்பட்டது. போன மாதம் வாக்கரை விட்டேன், பத்து நாளாகக் கம்பும் இல்லை. சாப்பிடாத சூப்புக்கு இந்தக் காலுக்கு இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்தது. தினமும் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து காலை ஊன்றும்போது, வலிக்கட்டும், வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஊன்றுகிறேன். வலிப்பதில்லை.

டீ வாங்கி வருகிறேன், எழுந்திருக்காதீர்கள், இங்கேயே இருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அவள் போகிறாள். இப்போதெல்லாம் எதையும் இரண்டு தடவை சொல்கிறாள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, கால் வழுக்கிவிடும் என்கிறாள், வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறாள், பதில் வருகிறவரை விடுவதில்லை. ஒரு கால் ஒடிந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். சரி, தனியாக இருக்கும்போது வால்பாறை ரோட்டை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம். இது எனக்கு நானே வைத்துக்கொள்ளும் டெஸ்ட். கண்ணை மூட வேண்டியதில்லை. ஆழியாறு செக்போஸ்ட், பாதை உயர ஆரம்பிக்கிறது, இரண்டாவது கியர், முதல் ஹேர்பின், ஹாரன், எதிரில் டீத்தூள் லாரி, அவனுக்கு வழி விட்டு ஓரம் கட்டு, அவன் கை காட்டுவான், நீயும் காட்டு. கீழே டேம் தண்ணீர் ஒவ்வொரு வளைவுக்கும் இடம் மாறும், வலதில் இருந்தது இடதில், இடதில் இருந்தது வலதில். ஒவ்வொரு வளைவிலும் எந்த இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும் என்பது எனக்குத் தோளில் இருக்கிறது, தலையில் இல்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன். வரையாடு ஒன்று சுவர் மேல் நிற்கிறது, பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போட்டோ எடுக்கிறார்கள், கண்டக்டர் ஸ்டீபன் விசில் அடித்துத் திட்டுகிறான். மேலே பனி. சிங்கவால் குரங்கு படம் போட்ட போர்டு வருகிறது, மெதுவாகச் செல்லவும், வலது தோளை இறக்கு, ஒடி. வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட் வந்துவிட்டது. பார்த்தாயா. நடுவில் இருந்த வளைவு எங்கே. யார் ஒடித்தார்கள். திரும்பவும் போர்டிலிருந்து வா. குரங்கு, மெதுவாகச் செல்லவும், தோளை இறக்கு, வாட்டர்ஃபால்ஸ். அந்த இடத்தில் மட்டும் ரோடு இல்லை. யாரோ ரோட்டை அறுத்து எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஒட்டு தெரியவே இல்லை. டெஸ்ட் வேண்டாம். எதிர் பெஞ்சைப் பார். கையில் மாவுக்கட்டுப் போட்ட ஆள் ஒருவன் ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரிக்கிறான். பல்லால் கடித்து ஒரு ஓரத்தைக் கிளப்பிவிட்டான், இனி சுலபம், தோல் அறுந்துவிடாமல் நீளமாக வந்துகொண்டிருக்கிறது, முழுசாக வந்துவிடுமா என்று நான்

டீயில் ஆடை படிந்திருக்கிறது. டம்ளர் என் கையில் இருக்கிறது. டம்ளருக்கு அடியில் துளசியின் கை. எதிர் பெஞ்சில் ஆள் இல்லை, ஆரஞ்சுத் தோல் மட்டும் ஒரு சுருளாகத் தரையில் கிடக்கிறது. இப்படி எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். நான் டம்ளரை எப்போது வாங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்க்கிறாள். ஆறிப் போயிடுச்சுங்க, குடிங்க என்கிறாள். குடிக்கிறேன். பச்சைத் தண்ணீராக ஆறியிருக்கிறது. வீட்டில் வந்தது, பரவாயில்லை, நாலு சுவருக்குள் வந்தது. இங்கே பட்டப்பகலில், பத்தடி தூரத்தில் டாக்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வந்துவிட்டது. கையில் இருந்தது டம்ளர். ஸ்டியரிங்காக இருந்திருந்தால். காலையில் மலையிலிருந்து இறங்குகிற டிரிப்பில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஏறும். எனக்கு இடது பக்கம் எஞ்சின் மூடி மேல் பையைப் போட்டுவிட்டு, டிரைவரண்ணா பாட்டுப் போடுங்க என்று உயிரை எடுக்கும். ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்று தீர்க்கிற நேரம். அந்த நேரத்தில் வண்டி எத்தனை வளைவை நேராகத் தாண்டிப் போயிருக்கும். ஒன்று போதும். சொல்லிவிட வேண்டும். உள்ளே போனதும், டாக்டர் கேட்பதற்கு முன்னால், நானே சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். நாச்சிமுத்துவுக்கு என்ன ஆனதோ அதுதான். நாச்சிமுத்து எனக்கு ஸீனியர், இந்த ரோட்டில் அவரை மாதிரி வண்டி எடுத்த ஆள் கிடையாது. ஒரு நாள் டைம் கீப்பர் அறை வாசலில் விழுந்து, வலிப்பில் கை கால் இழுத்துக்கொண்டது. வண்டியில் இல்லாதபோது வந்ததே என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அத்தோடு சரி. லைட் டியூட்டி. டிப்போவில் பக்கெட்டை வைத்துக்கொண்டு வருகிற வண்டிக்கெல்லாம் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள் அவர் இருக்கிற பக்கம் பார்க்காமலே, நாச்சி, தண்ணி என்பார்கள். நானும்தான் சொல்லியிருப்பேன், எல்லோரையும் போல. அவர் சிரிப்பார். ஒரு தடவை நான் வண்டியை ஸ்டார்ட்டிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தபோது, சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். போன வாரம் ஸ்டீபன் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் என் கண்டக்டர், எனக்குத் தம்பி முறை மாதிரி. அவன் சட்டையில் டீசல் நாற்றம் அடிக்கும், என் சட்டையிலும் அடிக்கும், துளசி இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்தித் திட்டுவாள். அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. விபத்துக்குப் பிறகு எந்த வாசமும் வருவதில்லை. புதிதாக வந்த டிரைவர் வளைவில் பிரேக்கைப் போட்டு உயிரை வாங்குகிறான், அண்ணா, டாக்டர்கிட்ட ஃபிட் சர்டிபிகேட் வாங்கிட்டுச் சீக்கிரம் வாங்க என்றான். எலும்புதானே அண்ணா, தலையில அடிபட்டிருந்தா என்ன ஆயிருக்கும், கர்த்தர் காப்பாத்தினார் என்றான். தலைத் தையலை முடி மறைத்துவிட்டது. மறைத்துவிட்டால் மறந்துவிடுகிறார்கள்.

கூப்பிட்டுவிட்டார்கள். துளசி என் கையைப் பிடிக்கிறாள். வேண்டாம், நானே நடப்பேன் என்கிறேன். கொஞ்சம் நொண்டினால் என்ன என்று தோன்றுகிறது. டாக்டர் பார்க்கட்டும், இன்னும் ஆகவில்லை என்று நினைக்கட்டும். இரண்டு அடி நொண்டுகிறேன். ஏனுங்க, இப்ப ஏன் நொண்டறீங்க என்று துளசி பதறுகிறாள், விட்டுவிடுகிறேன். உள்ளே டாக்டரைச் சுற்றி நாலைந்து பயிற்சி டாக்டர்கள், எல்லாம் சின்னப் பிள்ளைகள். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகுகிறார். அவர் முகம் மலர்கிறது. கல்யாணப் பந்தியில் இலையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். முடிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளைக் கிட்டே வரச் சொல்கிறார், விரலால் சுற்றிக் காட்டுகிறார். ஒடிந்த இடத்தில் எலும்பு கட்டுக்கடங்காமல் திரண்டு, ஒரு கொழுக்கட்டையைச் செருகி வைத்த மாதிரி இருக்கிறது. நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். மூன்று மாதத்தில் இவ்வளவு எலும்பு, எப்படி என்று அவர் பிள்ளைகளைக் கேட்கிறார். துளசிக்குப் பொறுக்கவில்லை. பிரண்டைங் சார், நாளு தவறாம பிரண்டை, ஆட்டுக்கால் சூப்பு என்கிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, நல்லதும்மா, உடம்புக்குச் சத்து என்று சொல்லிவிட்டு, என் பழைய சீட்டுக்களைப் புரட்டுகிறார். புரட்டிக்கொண்டிருந்த விரல் நிற்கிறது. ஒரு பெண் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, தலைக்காயம் சார் என்கிறாள்.

"ஆமா," என்கிறார் டாக்டர், அவளைப் பார்த்து. "மூளையில பலமா அடிபட்டா சில ஹார்மோன்கள் அளவு தப்பி ரத்தத்துல கலக்குது. எலும்பு அதை வாங்கிக்கிட்டு இப்படி வெறி பிடிச்ச மாதிரி வளரும். ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. ஆனா இவ்வளவு எலும்பைப் பார்த்தா நீங்க காலை மட்டும் பார்த்துட்டு அனுப்பக் கூடாது."

துளசியின் முகத்தைப் பார்க்கிறேன். மூன்று மாதம் வேலி வேலியாக அலைந்தவள். அப்ப பிரண்டை இல்லீங்ளா சார் என்று மெல்லக் கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. நான் வாழைக்கு ஊற்றிய சூப்பும் வீண், அவள் காய்ச்சிய சூப்பும் வீண். எலும்பின் அவசரம் இத்தனையும் மண்டையிலிருந்து இறங்கி வந்தது. காலை நம்பியிருந்தேன். மண்டை கெட்டுப்போனதை யாருக்கும் தெரியாமல் மறைத்துவைத்துக்கொள்ளக் கொஞ்சம் காலம் வாங்கித் தரும் என்று காலை நம்பியிருந்தேன். அது மண்டையின் ஆள். மண்டை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைத் தொடைக்குள் வெள்ளை வெள்ளையாக எழுதிவைத்திருக்கிறது. எனக்கு என் கால் மேல் கோபம் வருகிறது, அறையலாம் போலிருக்கிறது.

டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எனக்கு நேராக உட்காருகிறார். கையில் பேனா இருக்கிறது. "என்ன ஓட்டறீங்க?" பஸ்ஸுங் சார், வால்பாறை ரூட்டு என்கிறேன். பிள்ளைகளில் ஒருவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான், அந்த ரோட்டில் வாந்தி எடுத்திருப்பான் போலிருக்கிறது. டாக்டர் நிதானமாகக் கேட்கிறார். "திருமூர்த்தி, எப்பவாவது கொஞ்ச நேரம் நினைவு தப்பற மாதிரி, என்ன நடந்ததுன்னே தெரியாத மாதிரி, ஏதாவது வருதா?" இதுதான். சொல்லிவிடு. டம்ளரை நினைத்துக்கொள், எஞ்சின் மேல் கிடக்கிற பைகளை நினைத்துக்கொள். துளசி மூச்சு விடாமல் நிற்கிறாள். இருக்குதுங் சார் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அப்புறம் பக்கெட். நாச்சிமுத்து ஒரு பக்கெட், நான் ஒரு பக்கெட், ஸ்டீபன் என் பக்கம் பார்க்காமல் அண்ணா, தண்ணி என்பான். பார்க்காமல் சொல்வான், அவன் நல்லவன், அதனால்தான் பார்க்க மாட்டான். ஆழியாறு செக்போஸ்ட், பனி இறங்கியிருக்கிற மேல் வளைவுகள், தோளில் இருக்கிற ரோடு, எனக்கு வேறு என்ன தெரியும். குரங்கு போர்டு வருகிறது. மெதுவாகச் செல்லவும். வலது தோளை இறக்கு.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங் சார்," என்கிறேன். உடனே சொல்லிவிட்டேன், யோசிக்கவே இல்லை.

டாக்டர் நாற்காலியில் இல்லை. என் பக்கத்தில் நிற்கிறார், என் மணிக்கட்டு அவர் விரல்களுக்குள் இருக்கிறது. பேனா மூடி மேஜை மேல் கிடக்கிறது. விளக்குப் பெட்டியை யாரோ அணைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். துளசி முந்தானையால் என் வாயைத் துடைக்கிறாள். பதற்றமே இல்லாத கை. பழகின கை, இதற்கு முன் எத்தனை தடவை துடைத்ததோ.

"எலும்பு நல்லாக் கூடிருச்சுங்க," என்கிறாள் அவள் என்னிடம்.